இருளைக் கொண்டுவந்த விரிவாக்கம்

ஒரு வீடியோ விளையாட்டு நல்லதா அல்லதா என்று தீர்மானிப்பதைக் காட்டிலும், முன்பே ஆடி முடித்து மனத்தில் இடம் கொடுத்துவிட்ட விளையாட்டுக்குப் பின்னால் வந்து சேரும் விரிவாக்கம் ஆடத் தக்கதுதானா என்று தீர்மானிப்பது கடினமான காரியம். புதிய விளையாட்டோடு நமக்கு முன்தொடர்பு எதுவும் இல்லை. தன் குணதோஷங்களைக் கொண்டே அது மதிப்புப் பெறுகிறது. விரிவாக்கமோ, கட்டிக் குடிபுகுந்து பல காலம் வாழ்ந்த வீட்டோடு பிற்பாடு சேர்க்கிற அறையைப் போன்றது: அறை தன்னளவில் அழகாக இருந்தால் மட்டும் போதாது, அதனால் பழைய கூடத்தின் வெளிச்சமும் காற்றும் என்ன ஆகின்றன என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதிலும், அந்த விரிவாக்கம் மூலத்தின் சுபாவத்துக்கு முற்றிலும் மாறான சுபாவம் கொண்டதாக, மூலத்தை நேசித்தவர்களுக்கே விசித்திரமாகத் தோன்றுவதாக அமைந்துவிட்டால், நண்பர்களின் அபிப்பிராயங்களும் விலைப்பட்டியலும் விமரிசகர்கள் இடும் மதிப்பெண்களும் சேர்ந்தும்கூட ஒருவரை ஒரு முடிவுக்குக் கொண்டு சேர்ப்பதில்லை.

இதற்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது 'எக்கோஸ் ஆஃப் தி ஐ'. மோபியஸ் டிஜிட்டல் என்ற கலிபோர்னிய நிறுவனம் உருவாக்கி, அன்னபூர்ணா இன்டராக்டிவ் வெளியிட்ட 'அவுட்டர் வைல்ட்ஸ்' என்ற விளையாட்டுக்கு, 2021 செப்டம்பர் 28 அன்று வந்த ஒரே விரிவாக்கம் இது. தாம் ஆடிய விளையாட்டுக்களிலெல்லாம் 'அவுட்டர் வைல்ட்ஸ்' தலையாயது என்று போற்றுகிறவர்களில் ஒரு சாரார், இதையும் மூலத்துக்கு இணையான சிருஷ்டி என்கிறார்கள். அதே அளவு அபிமானமுள்ள மற்றொரு சாரார், பாதி வழியில் நிறுத்திவிட்டு மனக்கசப்போடு திரும்பியிருக்கிறார்கள். இரு சாராரும் நுட்பம் அறிந்தவர்கள். இரு சாராரும் கண்டது ஒரே பொருளைத்தான். ஆகவே எந்தச் சாராரின் தீர்ப்பு செல்லும் என்று விசாரிப்பதைவிட, இப்படிப்பட்ட பொருளை எந்த அளவுகோலைக் கொண்டு அளப்பது நியாயம் என்று விசாரிப்பதே பிரயோஜனமுள்ளது.

விரிவாக்கம் என்ற வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. 1990-இல் 'விங் கமாண்டர்' என்ற விண்போர் விளையாட்டுக்கு 'சீக்ரெட் மிஷன்ஸ்' என்ற கூடுதல் தொகுதி வந்தது. 1998-இல் வெளியான 'ஸ்டார்கிராஃப்ட்' அதே ஆண்டிலேயே 'புரூட் வார்' என்ற விரிவாக்கத்தைப் பெற்றது. இவை மூலத்தையே இன்னும் சற்றுத் தூரம் நடத்திச் சென்றவை. மூலம் பிடித்தவருக்கு இவையும் பிடிக்கும் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். 2006 ஏப்ரலில் பெத்தெஸ்டா நிறுவனம், 'ஆப்லிவியன்' என்ற விளையாட்டில் வரும் குதிரைக்கு மட்டும் ஒரு கவசத்தை இணையத்தின் வழியே 2.50 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது எழுந்த ஆத்திரம் இந்த வியாபாரத்தின் சரித்திரத்தில் ஒரு திருப்பம். துண்டு துண்டாக விற்கிறார்களே என்ற அந்த ஆத்திரம் நியாயமானதே. ஆனால் அதன் பயனாக ஆடுவோர் மனத்தில் ஒரு கணக்கு ஆழப் பதிந்துவிட்டது. கொடுக்கிற காசுக்கு எத்தனை மணி நேர ஆட்டம், எத்தனை புதிய ஆயுதம், எத்தனை புதிய பிரதேசம் என்பதே அந்தக் கணக்கு. ஏமாற்றுக்காரரிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள அது உதவும். விசித்திரமான சிருஷ்டியின் முன்னால் அது வாய் திறப்பதில்லை. 'அவுட்டர் வைல்ட்ஸ்' 24.99 டாலர் என்றும், விரிவாக்கம் வெளியானபோது 14.99 டாலர் என்றும் எழுதி இரண்டையும் வகுத்துப் பார்த்தால், பயம் என்ற அம்சத்துக்கு அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் இடம் கிடைக்காது.

மூலத்தைவிட்டு விலகிச் சென்ற விரிவாக்கங்கள் இதற்கு முன்பும் உண்டு. 1911-ஆம் ஆண்டு அமெரிக்க எல்லைப்புற வாழ்வின் அந்திமக் காலத்தைக் கனத்த துயரத்தோடு சொன்ன 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்', 2010-இல் 'அன்டெட் நைட்மேர்' என்ற விரிவாக்கத்தில், அதே மனிதர்களும் அதே பாலைவெளியும் இருக்க, பிணங்கள் எழுந்து நடக்கும் கதையாக மாறியது. அது ஒரு வேடம். ஆடிவிட்டுக் கழற்றி வைத்துவிடலாம். மூலத்தின் துயரம் அதனால் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதே ஆண்டில் 'பயோஷாக் 2'-க்கு வந்த 'மினர்வாஸ் டென்', கருவிகளையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, பெரிய கதையின் ஓர் ஓரத்தில் ஒரு தனிமனிதனின் சோகத்தைச் சிறிய அளவில் சொன்னது. அதை உருவாக்கியவர்களில் சிலர் பிரிந்து சென்று 2013-இல் 'கான் ஹோம்' என்ற புகழ்பெற்ற விளையாட்டைச் செய்தார்கள் என்பதை அறிந்தவர்கள், அந்தச் சிறு விரிவாக்கத்தில் அதன் விதையைக் காண்பார்கள். 2018-இல் 'ப்ரே' விளையாட்டுக்கு வந்த 'மூன்கிராஷ்' இன்னும் துணிச்சலானது. ஒரே ஆளாக ஒரு விண்வெளி நிலையத்தில் நிதானமாகச் சுற்றித் திரிந்ததை மாற்றி, சந்திரனில் உள்ள ஒரு தளத்தில் ஐந்து ஆட்களின் உயிரைக் காக்க வேண்டிய அவசரத்தை அது வைத்தது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் ஆபத்துக்களும் பொருள்களும் இடம் மாறியிருக்கும். மூலத்தின் இயந்திரம் எத்தனை வேலைக்கு உதவும் என்பதைக் காட்டும் பரிசோதனை அது.

'எக்கோஸ் ஆஃப் தி ஐ' இவற்றுள் எந்த வகையிலும் அடங்குவதில்லை. அது தன் மூலத்தோடு வாதிடுகிறது. மூலம் எந்த நம்பிக்கையின்மேல் நின்றதோ, அந்த நம்பிக்கையையே விசாரணைக்கு இழுக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மூலத்தின் இயல்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அலெக்ஸ் பீச்சம் என்பவர் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது ஆய்வுக்குரிய படைப்பாகத் தொடங்கியது 'அவுட்டர் வைல்ட்ஸ்'. முழுமை பெறுவதற்கு முன்பே, 2015-இல், சுயேச்சை விளையாட்டுக்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலையாய பரிசை அது பெற்றது. 2019 மே மாதம் வெளியாகி, 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த விளையாட்டு விருதையும் அடைந்தது. இதில் ஆடுபவர், டிம்பர் ஹார்த் என்ற சிறு கிரகத்துக் காட்டுக் கிராமத்திலிருந்து, மரமும் தகரமுமாகக் கோத்த ஒரு விண்கலத்தில் முதல் யாத்திரைக்குப் புறப்படும் இளம் வீரர். புறப்பட்ட 22 நிமிஷங்களில் சூரியன் வெடித்துச் சகலமும் அழிகிறது. அழிந்ததும் அவர் அதே கிராமத்தில், அதே தீயருகில் கண் விழிக்கிறார். மீண்டும் 22 நிமிஷம். இந்தச் சுழற்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சுழற்சியிலிருந்து மறு சுழற்சிக்கு அவர் கொண்டு வருவது தாம் அறிந்ததை மட்டுமே. வலிமை வளர்வதில்லை, ஆயுதம் கிடைப்பதில்லை, பூட்டைத் திறக்கும் சாவி என்று ஒன்றும் கைக்கு வருவதில்லை. முடிவை எட்டத் தேவையான எல்லாம் முதல் நிமிஷத்திலேயே அவரிடம் இருக்கின்றன, ஞானம் ஒன்றைத் தவிர.

அந்த ஞானத்தைச் சேர்க்கும் விதந்தான் இதன் பேரழகு. இரட்டைக் கிரகங்களில் ஒன்றின் மணல் தூணாக எழுந்து மற்றொன்றில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஒன்றில் புதைந்திருந்த கோபுரங்கள் வெளிப்படும் வேளையில் மற்றதன் குகைகள் மூடிக்கொள்கின்றன. பிரிட்டில் ஹாலோ என்ற கிரகத்தின் மேல்தோடு சிறிது சிறிதாக உடைந்து, தன் வயிற்றிலேயே உள்ள கருந்துளைக்குள் விழுகிறது. ஜையன்ட்ஸ் டீப் என்ற கடற்கிரகத்தின் சூறாவளிகள் தீவுகளையே பெயர்த்து வானத்தில் எறிகின்றன. இவற்றின் காலக்கிரமத்தை உணர்ந்து, சரியான நிமிஷத்தில் சரியான இடத்தில் நிற்பதே ஆட்டம். எங்கே போனாலும் வழிகாட்டுவது நோமாய் என்ற பழங்குலத்தார் சுவர்களில் சுருள் சுருளாக எழுதிவிட்டுப் போன எழுத்து. அவர்கள் மறைந்து யுகங்கள் ஆகிவிட்டன. ஆனால் ஒருவர் எழுப்பிய சந்தேகத்துக்கு மற்றொருவர் பதில் எழுதி, இடையில் மூன்றாமவர் பரிகாசம் செய்து, குழந்தைகள் பிழையோடு கிறுக்கி வைத்த அந்தச் சம்பாஷணைகளைப் படிக்கும்போது, அறிவு என்பது ஒருவர் மற்றொருவருக்குக் கையளிக்கும் பொருள், அதை மறைக்க யாருக்கும் மனம் வருவதில்லை என்ற உணர்ச்சி ஆடுபவரின் உள்ளத்தில் மெல்ல மெல்ல ஊறிவிடுகிறது. வெவ்வேறு கிரகங்களில் தனித்தனியே தங்கிய சக யாத்திரிகர்கள் ஒரே ராகத்தின் பகுதிகளை வெவ்வேறு வாத்தியத்தில் வாசித்துக்கொண்டிருப்பதை, விண்வெளியில் மிதந்தபடி ஒரு கருவியின் மூலம் கேட்கலாம். ஆண்ட்ரூ பிராலோவின் அந்த இசையும் இதே நம்பிக்கையைத்தான் சொல்கிறது.

விரிவாக்கம் தொடங்குவது கிராமத்துக் காட்சிசாலையில் புதிதாக வைக்கப்பட்ட ஒரு காட்சிப்பொருளிலிருந்து. அதைப் பின்பற்றிச் சென்றால், எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் அந்நியக் கலத்தை அடையலாம். கண்டுபிடிக்கும் வழியை நான் எழுதப் போவதில்லை. அந்த வழியைத் தாமே காண்பதில் உள்ள ஆனந்தத்தை ஒரு வாக்கியத்தில் அழித்துவிடலாம். உள்ளே போனால், மாபெரும் வளையம் ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சியே அதில் நிற்பவர்களுக்கு எடையைத் தருகிறது. வளையத்தின் உட்புறம் நெடுக ஓர் ஆறு ஓடுகிறது. நமக்கு எதிரே தொலைவில் அது நிமிர்ந்து, வானமாக வளைந்து, தலைக்கு மேலாகச் சென்று, முதுகுப்புறம் திரும்பி வருகிறது. கரையோரங்களில் மரவீடுகள், கோபுரங்கள், தொங்கு பாலங்கள்; ஆற்றைத் தேக்கி நிற்கும் பெரிய அணை. தெப்பத்தில் ஏறி, அதன் பக்கத்தில் உள்ள ஒளி ஏற்பியின்மேல் கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சினால் தெப்பம் நகர்கிறது. இந்த 22 நிமிஷத்துக்குள் ஒரு கட்டத்தில் அணை பிளந்து பெருவெள்ளம் புரண்டு வருகிறது. வெள்ளத்துக்கு முன் போகக்கூடிய இடமும், பின் மட்டுமே போகக்கூடிய இடமும் என்று காலம் மறுபடி ஒரு புதிராகிறது. இதுவரை மூலத்தின் ரசிகர் தம் சொந்த ஊரில் இருப்பது போலவே உணர்வார்.

பிறகுதான் விசித்திரம் தெரியத் தொடங்குகிறது. இந்தக் கலத்தில் வாழ்ந்தவர்கள் எழுதி வைத்த எழுத்தை, நோமாய்ச் சுருள்களையெல்லாம் படித்துக் கொடுத்த கருவியால் படிக்க முடிவதில்லை. பேசுவதற்கு ஒருவரும் இல்லை. எஞ்சியிருப்பவை வட்டமாகக் கோத்த படச்சில்லுகள். அவற்றை விளக்கின் முன் மாட்டி, ஒவ்வொன்றாக நகர்த்தி, சுவரில் விழும் படங்களின் தொடர்ச்சியைக் கொண்டே அந்த மக்களின் கதையை ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் படங்களிலும் சிலவற்றை யாரோ வேண்டுமென்றே எரித்திருக்கிறார்கள். நோமாய் மக்கள் எதையும் எரிக்கவில்லை. மூலத்தில் பல நாள் பழகி, அறிவு தேடுபவருக்குத் தானே கை நீட்டும் என்று நம்பியிருந்த ஆடுபவர், கருகிய ஒரு படத்தின் முன்னால் முதன்முறையாக நிற்கும்போது, தன்னை வரவேற்காத ஓர் உலகத்துக்குள் வந்துவிட்டோம் என்பதை உணர்கிறார். ஒரு வார்த்தை உரையாடலும் இல்லாமல் இந்த உணர்ச்சியை உண்டாக்கிய சாமர்த்தியத்தை நான் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

இனி வருவதுதான் ஆட்சேபத்துக்கெல்லாம் காரணமான பகுதி. பகல் வெளிச்சம் நிறைந்த அந்த ஆற்றங்கரைக்குப் பின்னால் அந்தகாரம் சூழ்ந்த மற்றொரு பிரதேசம் இருக்கிறது. அங்கே ஆடுபவர் கையில் ஒரு விளக்கு மட்டும். ஒளியைக் குவித்தால் தொலைவு தெரியும். மறைத்துக்கொண்டால் தாம் பிறர் கண்ணில் படாமல் நடக்கலாம், ஆனால் தமக்கும் ஒன்றும் தெரியாது. அந்த இருளில் வேறு விளக்குகளும் நடமாடுகின்றன. அவற்றை ஏந்தி வருபவர்களிடம் அகப்பட்டுக்கொண்டால் நம் விளக்கு அணைக்கப்படும்; புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம். மறுபடி புறப்பட்டு, மறுபடி அதே இருட்டில், அதே படிக்கட்டில். மூலத்தில் மரணம் என்பது ஒரு மூச்சு வாங்குவது போல லேசாக இருந்தது. 22 நிமிஷத்துக்கு ஒருமுறை உலகமே அழிந்தாலும் மறுமுறை வேறு கிரகத்துக்குப் போய்விடலாம். இங்கே தோல்வி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மிதிக்க வைக்கிறது. ஆடியவர்கள் சொல்லும் சலிப்பு கற்பனையன்று. சில இடங்களில், அறிவின் குறையால் அல்லாமல் கைப்பழக்கத்தின் குறையால் மட்டுமே நாம் தடுக்கப்படுகிறோம். அறிவே சாவி என்று சொன்ன விளையாட்டு, இருட்டில் பதுங்கி நடக்கும் திறமையையும் கேட்பது தான் கொடுத்த வாக்கைத் தளர்த்துவதே. இதைக் குறை என்றே நான் சொல்வேன்.

ஆனால், பயம் என்பதே இந்த உலகத்துக்கு அந்நியமானது என்று சிலர் சொல்வதை ஏற்க முடியாது. மூலத்தில் டார்க் பிராம்பிள் என்ற பிரதேசம் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பதைவிட உள்ளே பெரிதாக, பனிமூட்டமும் முட்கொடியும் நிறைந்த அந்த இடத்தில், கண் தெரியாத பிரம்மாண்டமான மீன்கள் ஓசையைக் கேட்டே இரையைப் பிடிக்கின்றன. அங்கே இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சத்தமின்றி மிதந்து போன ஒருவரும் தமது விளையாட்டில் பயமே இருந்ததில்லை என்று சொல்ல மாட்டார். வித்தியாசம் அளவில் இருக்கிறது, காரணத்திலும் இருக்கிறது. மீன் ஒரு மிருகம், பசியால் விழுங்குகிறது. விளக்கேந்தி வருபவர்களுக்குப் பசி இல்லை. நாம் எதையோ பார்த்துவிடுவோம் என்பதே அவர்களுடைய கவலை. அச்சத்தின் கூர்மையைக் குறைப்பதற்கென்றே விளையாட்டின் அமைப்புப் பகுதியில் ஒரு வசதியும் வைக்கப்பட்டிருக்கிறது; அதைப் பயன்படுத்திக்கொள்வதில் யாதொரு கௌரவக் குறைவும் இல்லை. புதிரின் ஒரு பகுதியும் அதனால் குறைவதில்லை.

அப்படியானால் வாங்குவதற்கு முன்பே எவ்வாறு தீர்மானிப்பது? இங்கேதான் இந்த விளையாட்டுக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு நாவலின் கதையை முன்கூட்டியே கேட்டுவிட்டாலும் நாவலாசிரியரின் நடையை ரசிக்கலாம். ஒரு போர் விளையாட்டின் முடிவை அறிந்திருந்தாலும் அதைக் கையால் ஆடித்தான் தீர வேண்டும். 'அவுட்டர் வைல்ட்ஸ்' போன்றதிலோ, அறிவதே ஆட்டம். ஆகவே அதைப் பற்றி நன்றாக விளக்கிச் சொல்லும் விமரிசனம், தான் சிபாரிசு செய்யும் பொருளையே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவிடுகிறது. பிறர் ஆடும் காணொளியைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்பவர், பார்த்து முடிக்கும்போது தீர்மானிக்க எதுவும் மிஞ்சாத நிலையை அடைவார். இந்தக் காரணத்தாலேயே இதன் ரசிகர்கள் 'ஒன்றும் கேட்காதீர்கள், போய் ஆடுங்கள்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மௌனம் அன்பினால் வந்தது என்றாலும், இருட்டைக் கண்டால் உடல் நடுங்குகிற ஒருவருக்கு அது போதிய உதவியன்று.

பணத்தைத் திருப்பித் தரும் வசதி துணை செய்யாதா என்று கேட்கலாம். கணினி விளையாட்டுக்களைப் பெருமளவில் விற்கும் ஸ்டீம் அங்காடி, 2015-இலிருந்து, வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், விளையாட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற அனுமதிக்கிறது. விரிவாக்கங்களுக்கும், அவற்றை வாங்கியபின் மூல விளையாட்டை எத்தனை நேரம் ஆடினோம் என்பதை வைத்து, பொதுவாக இதே விதிதான். மற்றவற்றுக்கு இது நல்ல பாதுகாப்பு. 'எக்கோஸ் ஆஃப் தி ஐ' விஷயத்தில் அந்த இரண்டு மணி நேரம் ஆடுபவரைத் தவறான முடிவுக்கே கொண்டுபோகும். அதற்குள் அவர் காட்சிசாலையின் தடயத்தைத் தொடர்ந்து, கலத்தைக் கண்டு, வளைந்து எழும் ஆற்றில் தெப்பம் விட்டு, வெள்ளம் வருவதையும் பார்த்து வியந்திருப்பார். இருளின் வாசலைக்கூட அநேகமாக எட்டியிருக்க மாட்டார். பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டவர் பின்னால் வருந்தக்கூடும். முதல் இரண்டு மணி நேரத்தின் அனுபவம் முழுமைக்கும் சான்றாகும் என்ற எண்ணமே, சுபாவம் நடுவழியில் மாறுகிற சிருஷ்டிகளுக்குப் பொருந்துவதில்லை.

ஆகவே விரிவாக்கத்தைப் பற்றி விசாரிப்பதைக் குறைத்துக்கொண்டு, மூலத்தை ஆடியபோது தமக்கு நேர்ந்த அனுபவத்தைத் தாமே விசாரித்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து. மூலத்தில் உங்களைக் கட்டிப்போட்டது எது? விண்கலத்தில் எங்கும் பறந்து திரியும் சுதந்திரம் என்றால், இந்த விரிவாக்கம் உங்களுக்குக் கொடுப்பது சொற்பம். இங்கே எல்லாம் ஒரே கலத்துக்குள் நடக்கிறது, சேகரித்த தடயங்களைக் காட்டும் குறிப்பேட்டின் பக்கமும் தனியாகவே இருக்கிறது. நோமாய் மக்களின் பேச்சையும் சக யாத்திரிகர்களின் தோழமையையும் நேசித்தவர்கள், முதற்பாதியில் ஒரு தனிமையை உணர்ந்தே தீருவார்கள். ஒரு சிறு தடயத்தை வைத்துக்கொண்டு, இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தாமே அனுமானித்து, அந்த அனுமானத்தை நிரூபிக்கத் துணிந்து ஓர் அடி எடுத்து வைத்து, அது மெய்யாகிய கணத்தில் உண்டான புல்லரிப்பே மூலத்தின் சாரம் என்று கொண்டவர்களுக்கோ, மூலத்தில் உள்ளதைவிடவும் கூர்மையான சில கணங்கள் இங்கே காத்திருக்கின்றன. எழுத்து இல்லாமல் போனதால், கண்டுபிடிப்பு முழுவதும் ஆடுபவருடையதாகிறது. யாரும் சொல்லி அறிந்தது என்று ஒன்றும் இல்லை. இருட்டில் பதுங்கி நடப்பதைக்கூட, அந்த உலகத்தின் விதிகளை ஆராய்ந்து கண்டுகொண்டவர்கள் பல இடங்களில் தவிர்த்துவிடலாம்.

என் தீர்ப்புக்கு உரிய முக்கியமான காரணத்தைச் சொல்லக் கதையின் ஒரு நூலையாவது தொட வேண்டியிருக்கிறது; ஆட முடிவு செய்துவிட்டவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். மூலத்தில் பிரபஞ்சத்தின் ஓர் இரகசிய இடத்திலிருந்து வந்த அழைப்பைக் கேட்டு, நோமாய் மக்கள் ஒரு கணமும் தாமதியாமல், பின்விளைவை எண்ணாமல், ஆவலே உருவாக ஓடி வந்தார்கள். அதே அழைப்பு அவர்களுக்கு முன்பே வேறொரு குலத்தாருக்கும் கேட்டிருக்கிறது. அவர்கள் தம் தாயகத்தின் செல்வத்தையெல்லாம் அழித்துக் கலம் கட்டிக்கொண்டு வந்து, வந்த இடத்தில் கண்டது தாம் எதிர்பார்த்ததற்கு மாறாக இருக்கவே, நடுங்கிப்போய் உண்மையை மூடி வைத்து, தம் இழந்த ஊரின் நினைவுக்குள்ளேயே பதுங்கிக்கொண்டார்கள். அவர்களைக் கொடியவர்களாக விளையாட்டு காட்டுவதில்லை. அவர்களுடைய படச்சில்லுகளில் தெரியும் பிரிவுத்துயரம், நோமாய்க் குழந்தைகளின் கிறுக்கல்களைப் போலவே நெஞ்சைத் தொடுகிறது. அறிய விரும்புவது எல்லா உயிர்க்கும் இயல்பு என்று மூலம் நம்பியது. அறிந்ததால் அடிபட்டவர்கள் என்ன செய்வார்கள் என்பதை அது கேட்கவில்லை. விரிவாக்கம் அதைக் கேட்கிறது. கேட்பதற்காகவே எழுத்தை அழித்தது, படங்களை எரித்தது, நம் கையில் ஒரு சிறு விளக்கைக் கொடுத்து இருட்டில் விட்டது. அந்தப் பயம் கதைக்கு வெளியே ஒட்டவைத்த அலங்காரமாக இருந்திருந்தால் அதை மன்னிப்பது எனக்குக் கடினமாக இருந்திருக்கும். அந்த மக்களின் உள்ளத்தில் இருந்த பயத்தில் ஒரு கூறு நமக்கும் பற்றிக்கொள்ளாமல், அவர்களை நாம் புரிந்துகொண்டிருக்க முடியாது. மூலக்கதையில் விடையில்லாமல் விட்டுவைத்த ஒரு பெரிய கேள்விக்கும் இங்கே விடை கிடைக்கிறது. அதை நான் சொல்லவில்லை.

இந்தக் காரணத்தால், பதுங்கி நடக்கும் இடங்களில் உள்ள சலிப்பை முழுக்க ஒப்புக்கொண்டும், 'எக்கோஸ் ஆஃப் தி ஐ' ஆடத் தக்கது என்றே உறுதியாகச் சொல்கிறேன்; 'அன்டெட் நைட்மேர்' ஆடாதவருக்கு 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' குறைவுபடுவதில்லை, இதை ஆடாதவருக்கு 'அவுட்டர் வைல்ட்ஸ்' ஒரு பக்கம் மட்டுமே பேசிய சம்பாஷணையாக நின்றுவிடுகிறது. இருட்டினால் உண்மையாகவே உடல்நலம் கெடுபவர்கள், அச்சத்தைக் குறைக்கும் வசதியோடும் அது தாளாவிட்டால், ஆற்றங்கரையோடு நிறுத்திக்கொள்ளட்டும். வளைந்து எழும் அந்த ஆற்றையும் உடையும் அணையையும் பகலில் கிடைக்கும் படச்சில்லுகளையும் பார்த்ததே வியர்த்தமாகாது. 'அவுட்டர் வைல்ட்ஸ்' தங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை என்பவர்கள் இதை வாங்க வேண்டாம். இதில் வேறு ஆட்டம் இருக்கிறதே, இதாவது பிடிக்குமோ என்று எண்ணுவது வீண். இதன் பலம் எல்லாம் மூலத்தோடு உள்ள உறவிலிருந்து வருகிறது.

எந்த வரிசையில் ஆடுவது என்பதும் அற்ப விஷயமன்று. இரண்டையும் ஒரே சமயத்தில் வாங்குபவர்கள், காட்சிசாலையில் அந்தப் புதிய காட்சிப்பொருளைக் கண்டதும் அதன் பின்னாலேயே போய்விடக் கூடும். அப்படிச் செய்தால், எழுத்துள்ள உலகத்தில் பழகுவதற்கு முன்பே எழுத்தற்ற உலகத்துக்குள் சென்றுவிடுவார்கள். இல்லாமையின் வலி அவர்களுக்கு உறைக்காது. முதலில் மூலத்தை அதன் இறுதிக் காட்சி வரை ஆடி முடித்து, சில நாள் விட்டு, பிறகு அந்நியக் கலத்துக்குச் சென்று, அதை முடித்தபின் மறுபடி ஒருமுறை மூலத்தின் இறுதிக் காட்சிக்குப் போக வேண்டும். விரிவாக்கத்தை முடித்தவருக்கு அந்தக் காட்சியில் முன்பு இல்லாத ஒன்று சேர்ந்திருக்கும்.

பிறரிடம் உதவி கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு படச்சில்லு எதைக் குறிக்கிறது, ஒரு கதவு ஏன் திறக்கவில்லை என்று தெரியாமல் திகைத்தால், எத்தனை நாள் ஆனாலும் யாரையும் கேட்காமல் விட்டுவைப்பது நலம். விளையாட்டை மூடிவிட்டு வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது அந்த விடை தானே தோன்றும், அப்படித் தோன்றியவர்கள் அநேகர். வழி இன்னதென்று தெரிந்தும், இருட்டில் கை தவறித் தவறி அகப்பட்டுக்கொண்டே இருந்தால், அந்த இடத்தைக் கடப்பதற்கு மட்டும் ஆடி முடித்த ஒரு நண்பரிடம் தயங்காமல் கேட்டுக்கொள்ளலாம். எந்தப் படிக்கட்டு, எந்த நேரம் என்பதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.